நாலு பேர் ஊர்வலத்தில் ஐந்தாவது ஆள்

போலீஸ் என்னை இதுவரை ஒருமுறைகூடக் கைது செய்ததில்லை. எழுதுகிறவனுக்கு இது சின்னக் குறை இல்லை. என் வயசுக்காரர்கள் சிறை அனுபவம் என்று புத்தகமே போட்டுவிட்டார்கள். நான் சிறைக்கு மிக அருகில் போன ஒரே ஒரு காலையை நினைத்து எங்கள் வீட்டில் இன்னமும் சிரிக்கிறார்கள்.

நெருக்கடி நிலைக் காலம். புதுச்சேரியில் அப்பா வேலை பார்த்த மில்லைப் பூட்டி ஐந்து மாதம். ஊர்வலம் கூடாது, கோஷம் கூடாது, ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று தடை. அப்படியானால் நாலு பேர் போகலாம்தானே? நாலு நாலு பேராக, நூறு அடி இடைவெளி விட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி அமைதியாக நடந்து, மில்லைத் திறக்கச் சொல்லி அதிகாரியிடம் மனுக் கொடுப்பது என்று தொழிலாளர்கள் முடிவு செய்தார்கள். (கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எங்கே அமைதியாகப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள்.)

முதல் நாலு பேர்: அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அந்தோணி மாமா, நான். எனக்கு மில்லில் வேலை இல்லை, வேறெங்கும்கூட இல்லை. மனுவை எழுதியவன் என்ற தகுதி. இருபத்திரண்டு வயசு. மனு ஏழு பக்கம். முதல் நாலு பக்கத்தில் மில் வரவே வராது. கடல், விடியல், ரத்தம், மறுபடியும் கடல். கோஷம் கூடாது என்று தெரிந்தும், எதற்கும் இருக்கட்டுமென்று முந்தின நாள் முழுக்க அலையைப் பார்த்துக் கத்திப் பழகியதில் தொண்டை கட்டி, சளியும் பிடித்திருந்தது.

நெல்லித்தோப்பிலிருந்து கிளம்பினோம். என் காலடியில் சரித்திரம் சலசலத்தது. (மழைத் தண்ணி.) பெரிய வாய்க்கால் பக்கம் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் விரலை மடக்கி எங்களை எண்ணினார். நாலு. முகம் தொங்க, வழிவிட்டார். பத்தடி போயிருப்போம்.

"ராசா, கஷாயம் குடிக்காம வந்துட்டியேடா."

அம்மா. கையில் கஷாயத் தூக்குச்சட்டி, தோளில் என் மஃப்ளர். வந்த வேகத்தில் முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றத் தொடங்கினாள்.

"அஞ்சு," என்றார் போலீஸ்காரர். அவ்வளவு ஆசையாக ஒரு எண்ணை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களைப் பிடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரையும் திருப்பி விடுவார்கள். மனு போய்ச் சேராது. என் மூளை வேலை செய்தது. (அதுதான் தப்பு.)

"சார், இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"தெரியாதவங்கதான் மூக்கத் தொடைச்சி வுடுறாங்களா?"

"ஆமாங்கய்யா," என்றாள் அம்மா. முடிச்சு கொஞ்சம் அதிகமாகவே இறுகியது. "எனக்கும் இந்தப் புள்ள யாருன்னு தெரியல. சளி புடிச்சி நிக்குது. பெத்தவ கவனிக்கல போலருக்குது."

அந்தோணி மாமா பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையோடு குறுக்கே வந்தார். "முசியே, நாங்க கெளம்புனது நாலே பேர்தான்."

"இப்ப அஞ்சு. ஒருத்தர் குறையணும். இல்ல, அஞ்சு பேரும் வண்டியில ஏறுங்க."

அப்பா யோசிக்கவே இல்லை. "பெத்தவளையே தெரியாதவன் எங்களோட வர வேணாம். மனுவ அவகிட்ட குடுத்துட்டு, தூக்க வாங்கிக்கினு வூட்டுக்குப் போ."

கொடுத்தேன். வாங்கினேன். அம்மா என் இடத்தில் நடந்தாள். நான் மஃப்ளரும் கஷாயமுமாக எதிர்த்திசையில். வழியில் வந்த ஒவ்வொரு நாலு பேரும், "இன்னா தம்பி, திரும்பிட்ட?" என்று கேட்டார்கள். "கஷாயம்," என்றேன்.

அலுவலகத்தில் நடந்ததை அப்பா சொல்லித்தான் தெரியும். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "என்னம்மா இது, ஒரே கடலா இருக்கு?" என்றாராம்.

"யாரோ ஒரு பையன் எழுதிக் குடுத்தான், அத வுடுங்க. மில்லு மூடி அஞ்சு மாசமாவுது. வூட்ல ஒல வைக்க முடியல. எப்பத் தொறப்பீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அவர் என் மனுவைத் திருப்பி, பின்பக்கத்தில் அம்மா சொன்னதை எழுதிக்கொண்டாராம். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் மில் சங்கு ஊதியது. அப்பா சாப்பிடாமலே ஓடினார்.

இப்போதும் வீட்டில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது நான் தட்டோடு போனால், யாராவது "அஞ்சு" என்பார்கள். நான் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

போன மாதம் என் புதுப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் 'அம்மாவுக்கு' என்று போட்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, நிதானமாகப் படித்தாள். பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு என் மகளைக் கூப்பிட்டாள்.

"யாரோ ஒரு பையன் எனக்குன்னு எழுதியிருக்கான் பாரு. அவனுக்கு சளி உட்டுதான்னு கேளு."