நாற்பத்தேழு தெரியாது

நாற்பத்தேழாவது ஆளும் "தெரியாதுங்க" என்றபோது சாந்தகுமாரின் பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

தொழில் இலாகா அவனை வேலூரிலிருந்து ஆம்பூருக்கு அனுப்பியிருந்தது. எந்தத் தொழிலாளிக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவன் விசாரித்து எழுதினால், தொழிற்பள்ளி தேவையா என்று சென்னையிலிருக்கும் மேலதிகாரி முடிவு செய்வார். நயீம் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "தாவரச் சாற்றால் சருமம் பதனிடும் முறையை அறிவீரா?"

'இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது' என்று எழுதி அன்றே தபாலில் சேர்த்தான்.

மறுநாள் ரயிலேறும் முன், மறந்துவைத்த குடையை எடுக்க ஷாப்புக்குத் திரும்பினான். தொட்டி ஓரத்தில் சம்பூர்ணம் நின்றிருந்தாள். முந்தின நாள் முதல் ஆளாகத் தெரியாது என்றவள். ஊறிக்கிடந்த தோலின் ஓரத்தை இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்தாள்.

"நடுவுல இன்னும் சாறு ஏறல. ஆவாரம்பட்டை கம்மி. ரெண்டு கூடை போட்டு நாலு நாள் உடுங்க."

நாலு ஆண்கள் மறுபேச்சில்லாமல் கூடையைத் தூக்கினார்கள்.

சாந்தகுமாருக்குக் காது மடல் சுட்டது. தான் கேட்ட தாவரச் சாறு இந்த ஆவாரம்பட்டைத் தண்ணீர்தான். தன் புத்தகத் தமிழ் இவர்களுக்குப் புரியவில்லை. தொட்டுப் பார்த்தே நாள் குறிக்கிறவளை ஒன்றும் தெரியாதவள் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டாயிற்று. குடையைக் கேட்காமலே நழுவினான்.

நேரே தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தான்: 'முன் அறிக்கை தவறு. உண்மை நிலை வேறு.' தவறு தன்னுடையது என்று சேர்க்க வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டான்.

வேலூருக்குப் பதில் வந்தது: 'உண்மை நிலை இன்னும் மோசம் என அறிகிறோம். பள்ளிக்கு உத்தரவு.'

பதறிப்போய், சம்பூர்ணம் செய்ததை எல்லாம் விவரித்து எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதினான். அதைப் படித்த மேலதிகாரி உருகிப்போனார். 'தோல் வேலையை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர் நம் இலாகாவில் வேறில்லை. நீரே வாத்தியார்.'

பள்ளி திறந்த அன்று அதே நாற்பத்தேழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்ற சாந்தகுமாருக்குத் தலை நிமிரவில்லை.

"எனக்குத் தோல் வேலைல ஒண்ணும் தெரியாது. உங்களுக்குப் புரியாத பாஷைல கேட்டுட்டு, உங்களை ஒண்ணும் தெரியாதவங்கன்னு எழுதிட்டேன். என்னை மன்னிக்கணும். எல்லாத்தையும் சொல்லி, இந்தப் பள்ளிக்கூடத்த மூடச் சொல்லப்போறேன்."

சம்பூர்ணம் பதறி எழுந்தாள். "மூடிடாதீங்க சார். கையெழுத்து போடத் தெரியாதவங்கள மேஸ்திரி ஆக்க மாட்டேங்கறாங்க. எங்களுக்கு எழுத்துதான் தெரியணும்."

"அப்போ நான் தோலைப் பத்திக் கேட்டது?"

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நின்ற ஷாப் காவல்காரர் நிசார் அஹமது தொண்டையைச் செருமினார்.

"அது நல்லாவே புரிஞ்சுது சார். போன வருஷம் உங்கள மாதிரி விசாரிக்க வந்தவர்கிட்ட எல்லாம் தெரியும்னோம், தெரிஞ்சவங்களுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குன்னு எழுதிட்டுப் போய்ட்டார். அதான் இந்தத் தடவ இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்ல, நீங்க வர்றதுக்கு முன்ன ஒரு வாரமா இவங்களுக்குப் பாடம் எடுத்தேன்."