கண்ணாடிக்காரரின் பன்னிரண்டு சொற்கள்

"அந்த நீலக் கூடு எங்கடி?"

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் குரல் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. மனைவி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்த நீலக் கூடு? கடையில இருநூறு கூடு இருக்கு, அதுல பாதி நீலம்."

"மூடியில கீறல் விழுந்தது. மூணாவது தட்டுல, கடைசியில வச்சிருந்தேன்."

"அதுவா? காலையில தலைமையாசிரியருக்கு அதுலதான் கண்ணாடியைப் போட்டுக் குடுத்தேன். கீறல் விழுந்ததை வேற எப்பத்தான் தள்ளிவிடறது?"

மேஜைக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. தலைதான்.

அந்தக் கூட்டின் உள்துணிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. கடை இருக்கும் அறையைச் சொந்தமாக வாங்குவதற்கென்று எட்டு வருடம் சேர்த்த பணத்தையெல்லாம் மச்சினன் பேச்சைக் கேட்டு கிரிப்டோ நாணயமாக மாற்றி, செல்போனில் ஒரு வாலட் ஆப்பில் வைத்திருந்தார் நம் ஆள். 'சாதாரண மக்களுக்காகவே' என்று சொல்லிக்கொண்டு வந்த ஆப் அது. திறந்ததுமே மிரட்டியது: 'பன்னிரண்டு சொற்கள்தான் உங்கள் சாவி. போன் தொலைந்தாலும் இவற்றை வரிசை மாறாமல் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். சொற்கள் தொலைந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. யாருக்கும் காட்டாதீர்கள்.' மிரட்டலுக்குக் கீழேயே பன்னிரண்டு சொற்கள் இருந்தன. எழுதிக்கொண்டு, யாராவது எட்டிப் பார்ப்பதற்குள் பக்கத்தை மூடிவிட்டார்.

"அந்தப் பணத்துல என் ஆறு வளையலை வித்த காசும் இருக்கு. ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள் மனைவி. அவள் கை இப்போது காலியாக இருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அறை பக்கத்துச் செருப்புக் கடைக்காரனுக்குப் போய்விடும்.

கண்ணாடிக்காரர் புத்தம் புதுக் கூடு ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

"பழைய கூட்டைக் குடுங்க சார், இது நல்ல கூடு. சும்மாவே தர்றேன்."

தலைமையாசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருடப் பழக்கத்தில் இந்த மனிதர் எதையும் சும்மா கொடுத்ததில்லை.

"உள்ள ஒரு சீட்டு இருந்துச்சே, அதுக்கா?"

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன். குடை, பல்லி, ஆணி, மேகம்... ஒண்ணுமே புரியல. ஆனா 'கழுதை, படகு, உப்பு'ன்னு வர்ற இடத்துல மனசு என்னமோ பண்ணிருச்சு. நீங்க கவிதை எழுதுவீங்கன்னு தெரியாதே! ஆசிரியர்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டினேன்."

சீட்டு கிடைத்துவிட்டது. நிம்மதிதான் கிடைக்கவில்லை.

மச்சினன் உடனே ஒரு வழி சொன்னான். அவனிடம் எதற்கும் ஒரு வழி இருக்கும்.

"ஒரே இடத்துல வச்சதுதான் மாமா தப்பு. ரெண்டா கிழிங்க. ஆறு சொல்லு அக்காகிட்ட, ஆறு சொல்லு என்கிட்ட. ஒருத்தர் மாட்டினாலும் மத்தது தப்பிச்சிரும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கிழித்தார்கள். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்த்தவருக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மச்சினனின் பாதிச் சீட்டு பளிச்சென்று போட்டோவாக இருந்தது.

"என்ன மாப்ளே இது!"

"பத்திரமா இருக்கட்டும்னுதான் மாமா. என் போன் தொலைஞ்சாலும் நாப்பத்திமூணு பேர்கிட்ட இருக்கும்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் மறுபடி சிணுங்கியது. தம்பி மட்டும் பொறுப்பாக இருப்பதை அக்காவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மீதி ஆறு சொற்களும் வந்து விழுந்தன, போன தடவையைவிடத் தெளிவாக.

இரண்டையும் அழிக்கச் சொல்லி அவர் குதித்தார். அழித்தார்கள். அதற்குள் பெரியப்பா 'அருமை' என்று கைகூப்பியிருந்தார். சித்தி மகள் அதை இன்னும் இரண்டு குரூப்புக்கு அனுப்பிவைத்திருந்தாள்.

கண்ணாடிக்காரர் ஆப்பைத் திறந்து பார்த்தார். பணம் அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது. ஒரு வாரம் ஆகியும் யாரும் கை வைக்கவில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம சொந்தக்காரங்க தங்கம்டி! கல்யாணத்துக்குக் கூப்பிடலன்னு ஆறு வருஷமா முறைச்சுக்கிட்டுத் திரியறானே உங்க ஒண்ணுவிட்ட அண்ணன், அவன்கூடத் தொடல பாரு."

"அவருக்கா? அவருக்கு அவ்வளவு நல்ல புத்தி கிடையாதே" என்று மனைவி யோசித்தாள். யோசித்ததை அங்கேயே விட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே அந்த அண்ணனுக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்டாள்.

ஆனால் சீட்டை வைக்க இன்னும் ஓர் இடம் வேண்டியிருந்தது. இந்த முறை கண்ணாடிக்காரர் தன் மூளையையே நம்பினார். கண் பரிசோதனைக்குச் சுவரில் மாட்டும் எழுத்து அட்டை பழையதாகிவிட்டது. புதிதாக ஒன்று அச்சடித்தார். மேலே குண்டு எழுத்தில் குடை, அதற்குக் கீழே பல்லி, ஆணி, அப்படியே சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியில் எறும்பு அளவுக்கு நுரை, தபால், முழங்கால்.

"அட்டைன்னுதான் நெனைப்பாங்க. எவனுக்கும் சந்தேகம் வராது."

"எல்லாரையும் உட்கார வச்சு சத்தமா வேற படிக்கச் சொல்றீங்களே!"

"அதுதான்டி தந்திரம்."

தந்திரம் நன்றாகவே நடந்தது. தினமும் பத்துப் பேர் அவருடைய சாவியை உரக்கப் படித்தார்கள். சரியாகத் தெரியாதவர்களுக்கு அவரே லென்ஸ் மாற்றித் தெளிவாகத் தெரியவைத்தார். காத்திருக்கும் பெஞ்சிலிருந்து சிலர் எடுத்துக்கொடுக்கவும் ஆரம்பித்தார்கள்.

"இனிமே ஆபத்து எங்க இருக்குன்னு சொல்லட்டுமா மாமா?" என்று வந்து நின்றான் மச்சினன். "போன்லதான். சொல்லு பத்திரமா செவுத்துல இருக்கு. ஆனா பஸ்ல எவனாவது போனை அடிச்சிட்டுப் போனா? ஆப்பை அழிச்சிருங்க. அடுத்த வாரம் பணம் கட்டற அன்னிக்கு மறுபடி இறக்கி, பன்னிரண்டு சொல்லையும் போட்டா வந்துரப் போகுது."

ஆப்பும் அதையேதான் சொல்லியிருந்தது. கண்ணாடிக்காரர் அழுத்தினார். 'உங்கள் சொற்களைக் குறித்து வைத்திருக்கிறீர்களா?' என்று ஆப் கேட்டது. சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'ஆம்' என்றார். 'உறுதியாகவா?' என்றது. 'ஆம்.' ஆப் மறைந்துபோனது.

பல மாதங்களில் முதல்முறையாக அவர் நெஞ்சு லேசாகிவிட்டது. மனைவியைப் பார்த்து, "அறை நம்ம பேருக்கு வந்ததும் மொத வேலை உன் வளையல்தான்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அன்று மத்தியானம் வந்த லாரி டிரைவரை உட்காரவைத்தார். உரிமம் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும் என்று வந்தவர். லென்ஸ் மாற்றி மாற்றிப் போடும் கனமான சோதனைக் கண்ணாடியை அவர் மூக்கில் ஏற்றி, "படிங்க" என்றார்.

"குடை" என்றார் டிரைவர்.

"கீழ?"

"பல்லி, ஆணி." அடுத்து ஒரு கணமும் நிற்கவில்லை. "மேகம், சீப்பு, கழுதை, படகு, உப்பு, ஏணி, நுரை, தபால், முழங்கால்!"

கடைசி வரியை அந்தக் கடையில் அதுவரை யாரும் இவ்வளவு வேகத்தில் படித்ததில்லை. கண்ணாடிக்காரர் பாராட்டுவதற்காகக் குனிந்தார். அப்போதுதான் கவனித்தார். வலது கண்ணை மறைக்கக் கறுப்புத் தகட்டைச் செருகியவர், டிரைவர் முதல் சொல்லைப் படித்து முடித்ததும், சந்தோஷத்தில் லென்ஸ் என்று நினைத்து இடது கண்ணிலும் கறுப்புத் தகட்டையே செருகியிருந்தார்.

"கதவைச் சாத்துடி!" என்று கத்தினார்.

மனைவி சாத்தினாள். சாத்திவிட்டுக் கதவை மறித்துக்கொண்டும் நின்றாள்.

"யாருய்யா நீ? இந்தக் கடைக்கு முன்னாடி வந்திருக்கியா?"

"இல்ல சார், இன்னிக்குத்தான் மொதல் தடவை."

"பின்ன எப்படி இது தெரியும்? எந்தச் சொந்தக்காரன் சொன்னான்? அந்த ஒண்ணுவிட்ட அண்ணன்தானே? எவ்வளவு பணம் எடுத்தீங்க?"

டிரைவர் கண்ணிலிருந்த சோதனைக் கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் இருந்த அட்டையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

"சொந்தக்காரனா? சார், இது அந்த வாலட் ஆப்ல மொதப் பக்கத்துல மாதிரிக்குப் போட்டிருக்கிற சொல்லு. நானும் இப்படித்தான் ரெண்டு மாசம் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டே மனப்பாடம் பண்ணினேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, பக்கத்தைத் தள்ளினாத்தான் நம்மளோட சொல்லு வரும்னு!"