பதினோரு கதவுகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

"என்னங்க, இது எந்த அலமாரியோட கதவு?"

மனைவி கேட்டது சாதாரணக் கேள்விதான். சமையலறையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பதினோரு கதவுகள் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தன. எடுத்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"திருப்பிப் பாரு. நம்பர் போட்டிருக்கேன்," என்றார் கணவர், கெத்தாக.

போடாமல் இருப்பாரா? ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். எண் போடாமல் ஒரு துண்டுச் சீட்டைக்கூட நகரவிட மாட்டார். அதனாலேயே அலுவலகத்தில் அவருக்கு 'ரிஜிஸ்டர்' என்று பட்டப்பெயர். கதவுகளைக் கழற்றும்போதும் ஒன்று முதல் பதினொன்று வரை, பென்சிலால் முத்து முத்தாக எழுதித்தான் கழற்றினார்.

மனைவி திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணையும் காணோமே."

ரிஜிஸ்டர் இன்னொன்றைத் திருப்பினார். அப்புறம் இன்னொன்று. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் வழவழவென்று தேய்த்தது யார்? சாட்சாத் அவரேதான். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தன் கையெழுத்தைத் தானே தேய்த்து எடுத்திருக்கிறார் மனுஷர்!

இந்த வம்பை விலைக்கு வாங்கியது மனைவியின் அக்காவால். போன மாதம் அக்கா தன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்துவிட்டதாகப் படம் அனுப்பினாள். வரிசையாகக் கதவுகள், கண்ணாடிபோல மின்னின. பார்த்த வேகத்தில் தங்கைக்குக் கை பரபரத்தது. "நாங்களும் மாத்தியாச்சுக்கா, அதைவிட நல்லா வந்திருக்கு" என்று பதில் அனுப்பிவிட்டாள். அக்கா விடுவாளா? "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் வந்து பாக்கறோம்" என்றாள்.

தச்சர் சொன்ன தொகையைக் கேட்டதும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் நாக்கு வறண்டது. "ஒரு டப்பா பெயிண்ட், ரெண்டு பிரஷ், நாலு உப்புத்தாள். இதுக்குப் போய் தச்சரா?" என்று ரிஜிஸ்டர் களத்தில் குதித்தார்.

இன்று சனிக்கிழமை.

"எல்லாம் ஒரே மாதிரி கதவுதானே? எதை எதுல மாட்டினா என்ன?" என்றார்.

மாட்டியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. அந்தக் காலத்தில் இந்த அலமாரியைச் செய்த புண்ணியவான் கண்ணாலேயே அளவெடுத்திருக்கிறார். இரண்டு கதவுகள் பொருந்தின. மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது. நான்காவது கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே பூனை குடித்தனம் நடத்தலாம்.

"மாத்தி மாத்தி மாட்டிப் பாருங்களேன்."

"பதினோரு கதவு! மாத்தி மாத்தின்னா நான் ரிட்டயர் ஆகறவரைக்கும் மாட்டிக்கிட்டே இருக்கணும். பெரிசா இருக்கிறதை இழைச்சுடறேன்."

ஹார்டுவேர் கடையில் இழைப்புளி வாடகைக்குக் கிடைத்தது.

"எவ்வளவு குறைக்கணும் சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒரு விரல்."

"யாரு விரல் சார்?"

ரிஜிஸ்டர் இழைப்புளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். இழை இழையென்று இழைத்து மூன்றாவது கதவை உள்ளே தள்ளினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மனைவி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் கதவில்லாமல் இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"இழைக்காம இருந்தா அது இங்க கச்சிதமா உக்காந்திருக்கும் போல."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் நம்பர் போட்டிருக்கேன்னு சொன்னீங்களே!"

மாட்டுவதும் கழற்றுவதுமாக ஆணி ஓட்டைகள் தொளதொளத்துப் போயின. தீக்குச்சியை ஒடித்துச் செருகினார். மாட்டிய கதவு அவருடைய கால் கட்டைவிரல் மேலேயே விழுந்தது. "ஐயோ!" என்று அவர் ஒற்றைக் காலில் குதிக்க, "பெயிண்ட் பேந்துச்சா பாருங்க" என்றாள் மனைவி.

பெயர்ந்துதான் இருந்தது. இழைத்த ஓரங்களும் பல்லை இளித்தன. சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஒரு பூச்சு. தரையில் விரித்து வைத்தால் நடக்க இடமில்லை என்று, ஒன்றின்மேல் ஒன்றாக நேர்த்தியாக அடுக்கினார் ரிஜிஸ்டர். அடுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஞாயிறு காலை மேல் கதவைத் தூக்கினார். பதினொன்றும் சேர்ந்து எழுந்தன.

கத்தியை விட்டு நெம்பினார்கள். ஒவ்வொரு கதவும் பக்கத்துக் கதவின் தோலை உரித்துக்கொண்டு வந்தது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லமாட்டா. சும்மா சிரிப்பா. அதைத்தான் என்னால தாங்கமுடியாது," என்றாள். குரல் உடைந்தது. "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். அவ செஞ்சா பளபளன்னு வரும், நான் தொட்டா விளங்காது."

இதைக் கேட்க ரிஜிஸ்டருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவள் தொட்டதா விளங்கவில்லை? அத்தனையும் தொட்டுக் கெடுத்தவர் அவரல்லவா! மணி ஒன்பதரை.

"எழுந்திரு. கதவே வேணாம்."

"என்னது?"

"எங்க ரெக்கார்டு ரூம்ல எந்த ஷெல்ஃபுக்குக் கதவு இருக்கு? கதவில்லாததுதான் இப்ப ஃபேஷன்னு சொல்லிடுவோம்."

கதவுகள் கட்டிலுக்கு அடியில் போயின. மூடி தொலைந்த டப்பாக்களும், பிறகு உதவும் என்று சேர்த்த பைகளும், அடி கருகிய வாணலியும் பின்னாலேயே போயின. மிச்சப் பாத்திரங்களை மனைவி தேய்க்கத் தேய்க்க, ரிஜிஸ்டர் உயரவாரியாக அடுக்கினார். பத்து ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு மணி அடித்தது.

அக்கா நேரே சமையலறைக்குப் போய் நின்றாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒரு கரண்டியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். சிரிக்கவில்லை.

"கதவில்லாததுதான் இப்ப..." என்று ஆரம்பித்தார் ரிஜிஸ்டர்.

"எல்லாம் கையை நீட்டினா கிடைக்குதே," என்றாள் அக்கா.

"குத்திக் காட்டாதக்கா."

"குத்திக் காட்டறேனா? அடியே, உனக்குக் குடுத்து வச்சிருக்குடி!" என்ற அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. சட்டென்று தன் கணவர் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? நல்லா பாத்துக்குங்க!"

அந்த மனுஷர் கூரையைப் பார்த்தார். ரிஜிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சகலையைத் தேற்றுவோம் என்று அவர் தோளைத் தொட்டு, "என்ன இருந்தாலும் படத்துல பாத்தோமே, உங்க வீட்டுக் கதவு அழகு வருமா?" என்றார்.

சகலை அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஃபோட்டோவுக்கு அழகா இருக்கட்டும்னு பெயிண்ட் காயறதுக்குள்ள எல்லாத்தையும் சாத்திட்டேன் தம்பி, அன்னைக்கு ஒட்டினது இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட திறக்கல, பாத்திரம் பூரா உள்ள இருக்கு, ஒரு மாசமா நாங்க ஓட்டல்லதான் சாப்பிடறோம்."