சிவப்புப் பென்சிலும் டீ பாய்லரும்

ஆஷ்பெக், யார்க்ஷயர்
அக்டோபர் 14, செவ்வாய்

அன்பும் மரியாதையும் மிக்க ஹில்டா அக்காவுக்கு,

தம்பி கிளெமென்ட் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கு நீயும் பூனையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் மூன்று வருஷமாக உன்னிடமிருந்து கிறிஸ்துமஸ் அட்டை தவிர வேறொன்றும் வரவில்லை, அதிலும் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே 'ஹில்டா' என்பதோடு சரி. உனக்குக் கை வலி என்று நானாக நினைத்துக்கொண்டேன். இப்போது வெட்கத்தை விட்டு ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் யாரிடமும் சொல்லாதே.

முப்பத்தெட்டு வருஷம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் கை ஓய்வு பெற்றால் மட்டும் சும்மா இருக்குமா? எங்கள் ஊர்க் கூடத்தின் சாவி இருபத்திரண்டு வருஷமாக டோரீன் ஹெப்வர்த்திடம். கூட்டுவது, பூட்டுவது, நோட்டீஸ் எழுதி ஒட்டுவது எல்லாம் அந்த அம்மாதான். எந்த நோட்டீஸானாலும் முடிவு ஒன்றே: 'சந்தேகம் இருந்தால் தலைவரிடமோ மைசெல்ஃபிடமோ கேட்கவும்.' ஒருவன் தன்னைத் தானே திட்டிக்கொண்டால் 'மைசெல்ஃப்' சரி, அடுத்தவர் வந்து கேட்பதற்கு 'மீ' போதாதா? 'டு', 'ஃபார்', 'வித்' எது வந்தாலும் அதன் பின்னால் இந்த ஊரே இப்படித்தான் எழுதுகிறது, எனக்கோ அது பல்லில் சிக்கிய நார் மாதிரி. ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு மேலே 'மீ' என்று எழுதிவிட்டு வருவேன். இப்படி ஒன்பது நோட்டீஸ். ஒன்பதாவது நோட்டீஸ் டீ பாய்லர் மேல் இருந்தது. மறுவாரம் போனால் சுவரிலும் பாய்லரிலும் ஒரு நோட்டீஸ்கூட இல்லை, டோரீன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் அக்கா.

போன சனிக்கிழமை பாதிரியாருக்கு வழியனுப்பு விருந்து. டீ நான் ஊற்றுகிறேன் என்று நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன். பாய்லர் குழாயைத் திருப்பினேன், கொஞ்சமாக வந்தது, இன்னும் திருப்பினேன், குழாய் கையோடு வந்துவிட்டது. அரைத் திருகுக்கு மேல் திருப்பக் கூடாது என்பதுதான் அந்த ஒன்பதாவது நோட்டீஸாம். நான் அதில் 'மைசெல்ஃப்' என்ற சொல்லை மட்டும்தான் படித்திருந்தேன். அறுபது பேருக்கான வெந்நீர் மேஜையில் பாய்ந்து, ஹாம் சாண்ட்விச்சை அடித்துக்கொண்டு, போன மாதம் போட்ட மரத்தரைக்கு இறங்கியது. பாதிரியார் நாற்காலி மேல் ஏறிவிட்டார். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் 'மன்னிக்கணும், மன்னிக்கணும்' என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் ஒதுங்கினார்கள். நல்லவேளை, யாருக்கும் சூடு படவில்லை. தரைதான் அப்பளமாக உப்பிவிட்டது.

கூடத்துக் கமிட்டித் தலைவர் கார்ட்ரைட் என்னை விட்டுவிட்டு நேரே டோரீனிடம் போனார். "ஏம்மா, இவ்வளவு பெரிய பாய்லர்ல ஒரு எச்சரிக்கை ஒட்டி வைக்கத் தோணலையா உனக்கு?"

"ஒட்டித்தாங்க வச்சிருந்தேன். நான்தான் எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

சொல்லிவிட்டு அந்த அம்மா சாவிக்கொத்தை ஈர மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கையில் குழாயோடு நின்றேன் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "அந்தப் பென்சில் நான்தான்" என்றேன்.

"தெரியும் மிஸ்டர் ப்ளாக்கெட். இந்த ஊர்ல சிவப்புப் பென்சில் வேற யாரு வச்சிருக்கா?"

"தெரிஞ்சுமா நேத்து சும்மா இருந்தீங்க?"

"நான் பதினஞ்சு வயசுல மில்லுக்குப் போனவ. 'மீ'ன்னு எழுதினா நாலு பேர் நடுவுல நெஞ்சைத் தட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி கூச்சமா இருக்கும். மரியாதையா இருக்கட்டுமேன்னு அப்படி எழுதினேன். நீங்க வட்டம் போட்டு ஊருக்கே காட்டிட்டீங்க. இப்போ பேனாவத் தொட்டாலே கை கூசுது. பால்காரருக்குக்கூடச் சீட்டு எழுதி வைக்கிறதில்ல, விடிகாலையில எழுந்து நின்னு வாயாலயே சொல்லிடறேன்." அப்புறம், "பிஸ்கட் எடுத்துக்கோங்க" என்றார்.

அந்த ஒரு பிஸ்கட்டை முழுங்கறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் அக்கா. மனுஷனா நான்? வியாழக்கிழமை கமிட்டிக் கூட்டம். எல்லார் முன்னாடியும் எழுந்து உண்மையைச் சொல்லி, அந்தச் சாவியை அவங்க கையில திரும்ப வாங்கிக் குடுக்கணும். நீ பஸ் ஏறி வந்து கடைசி வரிசைல உக்காந்தா போதும், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிடுவேன். சின்ன வயசுலேர்ந்து உன் மனசு நோக நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல, அந்த உரிமையில கேக்கறேன்.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் ஒழுகாத கூரையும் அருளட்டும். பூனையை விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் உனக்கு அடங்கிய தம்பி,
கிளெமென்ட்

பி.கு.: உறையில் விலாசம் எழுத, உன் கடைசிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன், லயனல் அத்தானை அடக்கம் செய்த வாரம் நீ எழுதியது. 'லயனலுக்கும் மைசெல்ஃபுக்கும் நீ செய்ததை மறக்கமாட்டேன்' என்று இருக்கிறது. அந்த 'மைசெல்ஃப்' மேல் என் சிவப்பு வட்டம். என் பதிலில் அதைப் பற்றி உனக்கு ஒரு பத்தி விளக்கம் எழுதியது ஞாபகம் வருகிறது. அத்தானைப் பற்றி ஒரு வரியாவது எழுதினேனா என்பதுதான் ஞாபகமில்லை. ரப்பரால் அழித்துப் பார்த்தேன், காகிதம் கிழிகிறது. மேலே 'உன் மனசு நோக' என்று வரும் வரியை நீயே அடித்துவிடு. வியாழக்கிழமை நீ வர வேண்டாம், நான் தனியாகவே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறக்க மனமில்லை என்றால் வாசலில் ஒரு சீட்டு ஒட்டி வை. எப்படி வேண்டுமானாலும் எழுது அக்கா, நான் பென்சில் கொண்டு வரமாட்டேன்.