உண்ணியண்ணை விரித்த வெள்ளை

இருப்பதற்குக் கதிரை என்ற ஒன்று இல்லாமலே ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் எங்கள் வட்டக்கச்சி உண்ணியண்ணை ஒருவர்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

தொழில், வீட்டு வளவுகளில் உண்ணி ஒழிப்பது. மோட்டார்சைக்கிளின் பின்னால் மருந்தடிக்கும் மிசின், முன்னால் சிவப்பு எழுத்தில் ஒரு தகரப் பலகை: ‘வளவு உண்ணி ஒழிப்பு. நாய்க்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.’ நிம்மதி இல்லாத ஒரே ஆள் அவர்தான். நின்றால் கால் மாறி நிற்பார். கதைத்தால் கழுத்தைத் தடவுவார். தேத்தண்ணி கொடுத்தால் கிணற்றடிச் சீமெந்தில் நடந்து நடந்தே குடிப்பார்.

“இருங்கோவன் அண்ணை” என்றால், “என்ர சாரத்தில ஒண்டு ஒட்டியிருந்தா உங்கட கதிரைக்கு இறங்கிவிடும். பிறகு அது உங்கட ஆள்” என்பார்.

பாதி பஸ் வெறுமையாய்க் கிடந்தாலும் கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போவார். கொண்டக்டருக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டது. “என்னண்ணை, சீற்றில முள்ளே கிடக்கு?”

“நான் இருந்தா நீ இருக்கமாட்டாய் தம்பி.”

அன்று அந்தப் பஸ்ஸில் எல்லோருமே வவுனியா வரைக்கும் நின்றுகொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். அவரோடு கொஞ்சநேரம் கதைத்தாலே எனக்கு முதுகு ஊரத் தொடங்கிவிடும். வங்கி வரிசையில் அவர் வந்து நின்றால் முன்னால் நிற்பவர்கள் சொறிந்துகொண்டு தாமாகவே விலகி வழிவிடுவார்கள்.

அவருக்கு இன்னொரு வியாதி. உண்ணியைக் கண்டால் வாய் நிற்காது. ஒரு கல்யாண வீட்டில் பந்தலின் நடுவே நின்று, “ஐயோ, இந்த வளவு முழுக்க உண்ணி!” என்று கத்தினார். சனம் பந்திக்கு இருக்காமலே பஸ் பிடித்தது. அந்த வீட்டுக்காரர் ஒரு கிழமைக்குக் கல்யாணக் கத்தரிக்காய்க் குழம்பையே சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள்.

இப்படிப்பட்டவரை என் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வரும் நேரம் பார்த்து வளவுக்குள் விட்டது எங்கள் தலையெழுத்து.

பக்கத்து வளவு ஆடுகள் எங்கள் முற்றத்தில் மேய்ந்து மேய்ந்து, உண்ணி புல்லில் ஏறி, புல்லிலிருந்து எங்கள் நாய் ஜிம்மியில் ஏறி, ஜிம்மியிலிருந்து சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. வருவதோ வவுனியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார். முடிவு சொல்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, இளைப்பாறிய அதிபர். முன்னர் ஒரு வீட்டில் தேத்தண்ணி பிந்தி வந்ததற்காகவே எழும்பிப் போனவராம். தங்கச்சிக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. போனில் இருந்த அவருடைய படத்தைப் பார்த்துப் பார்த்தே பற்றரியைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். இது குழம்பினால் அவள் உடைந்துபோவாள் என்று எங்களுக்குத் தெரியும்.

உண்ணியண்ணை வந்து புல் வெட்டினார், சருகு எரித்தார், வேலியோரம் மருந்தடித்தார், ஜிம்மியைக் கழுவினார். அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியக் கடைசிச் சோதனை. மோட்டார்சைக்கிளைப் படலையோரம் நிறுத்திவிட்டு வந்தார். பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த நீள வெள்ளைத் துணி ஒன்று வைத்திருந்தார். அதைப் புல்லின்மேல் மெல்ல இழுத்தால் மிச்சமிருக்கும் உண்ணி அதில் தொற்றிக்கொள்ளும். பிறகு துணியை விரித்துவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார்.

“பத்து மணிக்கு அவையள் வருவினம். அதுக்கு முன்னம் நீங்கள் போயிடோணும். வாயே திறக்கப்படாது” என்றார் அம்மா.

“நான் ஒன்பதுக்கே போயிடுவன் பிள்ளை.”

எட்டரைக்கே வான் வந்து நின்றது. பெரியப்பா எங்கேயும் முந்திப் போகிற ஆள் என்பதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

படலையைத் திறந்த பெரியப்பா அப்படியே நின்றார். அவருடைய காலடியிலிருந்து விறாந்தை வரைக்கும் வெள்ளைத் துணி. மறுமுனையில் ஒருவர் முழங்காலூன்றித் தலைகுனிந்திருக்கிறார். கோயிலில் சாமிக்கும் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும்தான் எங்கள் பக்கத்தில் நடக்கிற வழியில் இப்படி நிலபாவாடை விரிப்பது. பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நிலபாவாடை விரிச்சிருக்கிறியள்! இந்தக் காலத்தில ஆர் இப்பிடி மரியாதை செய்யினம்?”

செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பியபடி வெறுங்காலோடு துணியில் ஏறி நடந்தார். மாப்பிள்ளையும் தாயும் துணியை மிதிக்கக் கூச்சப்பட்டு ஓரமாக வந்தார்கள்.

உண்ணியண்ணை நிமிர்ந்தார். வாய் திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஐயா, நில்லுங்கோ! கால் கழுவாமல் மேல ஏறக்கூடாது!”

ஓடிப்போய் வாளியில் தண்ணீர் அள்ளிவந்து பெரியப்பாவின் முன்னால் குந்தினார். விரல் விரலாகப் பிரித்து, இடுக்கெல்லாம் உற்றுப்பார்த்து, குதிக்காலைத் திருப்பித் தேய்த்துக் கழுவினார். அப்படி ஒரு கால் கழுவலை எந்த மாப்பிள்ளையும் மணவறையில் கண்டிருக்கமாட்டான். பெரியப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“இவர் ஆர்?”

விறாந்தையில் நின்ற அம்மா முந்திக்கொண்டார். “என்ர அண்ணை. பிள்ளைக்குத் தாய்மாமன்.”

அம்மா கூடப்பிறப்பே இல்லாத தனிப்பிள்ளை.

உள்ளே எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். தாய்மாமன் மட்டும் வலது கையைப் பொத்தியபடி கால் மாறிக் கால் மாறி நின்றார். பெரியப்பாவின் குதிக்காலில் பிடித்த உண்ணி அந்தக் கைக்குள் இருந்தது. தேத்தண்ணியை இடது கையால் வாங்கிக்கொண்டார்.

“இருங்கோவன்” என்றார் பெரியப்பா.

“ஐயோ, உங்களுக்கு முன்னாலயோ? மாட்டன்.”

பெரியப்பா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தியோ, பெரியாக்களுக்கு முன்னால இருக்கிறாரில்லை.”

தேத்தண்ணி குடித்து முடிய முன்னமே சம்பந்தம் சரிவந்துவிட்டது.

உண்மையான கடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. “பெரியப்பா ஊருக்குள்ள விசாரிச்சா என்னம்மா செய்யிறது?” என்று தங்கச்சி அழுதாள். அம்மா எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைத்தார். கடைசியில் உண்ணியண்ணையிடமே போனார். “அண்ணை, தாய்மாமனா வந்து மணவறைக்குப் பக்கத்தில இருக்கோணும்.”

“இருக்கோணுமோ?” என்று கேட்டாராம். முகம் வெளிறிவிட்டதாம்.

கல்யாணத்தன்று வந்தார். விடியத் தொடங்கிக் கிணற்றில் அள்ளி அள்ளித் தோய்ந்துகொண்டே இருந்தாராம். சவுக்கார வாசம் மல்லிகையை மீறி அடித்தது. புது வேட்டியோடு, கதிரையின் நுனியில், நான் அறிய முதல்முறையாக இருந்தார். பக்கத்துக் கதிரையில் பெரியப்பா வந்து இருந்தார். பின்னால் நின்ற எனக்கும் அவர் மெல்லச் சொன்னது கேட்டது.

“எங்கட வளவிலயும் உண்ணி கூடிப்போச்சு. ஒருக்கா அந்தத் துணியைக் கொண்டு வாங்கோவன்.”

உண்ணியண்ணை எழும்பி ஓடப்பார்த்தார். பெரியப்பா தோளில் கைவைத்து அமர்த்தினார்.

“இருங்கோ. படலையில நிண்ட உங்கட மோட்டார்சைக்கிள் பலகையை அண்டைக்குப் போகேக்க வாசிச்சனான். கோவம் வந்ததுதான். ஊருக்குள்ள விசாரிச்சு எல்லாம் அறிஞ்சன். எண்டாலும், ஊரெல்லாம் கத்துற ஆள் ஒரு பிள்ளைக்காக வாயையும் கையையும் பொத்திக்கொண்டு நிண்டதை யோசிச்சன். சொந்தத் தாய்மாமன் இதைவிட என்ன செய்வான்?”

இப்போதும் உண்ணியண்ணை வருகிறார், கிணற்றடியில் நடந்து நடந்துதான் தேத்தண்ணி குடிக்கிறார். அவர் நாலு நாள் வராவிட்டால், முதுகு ஊராமல் எனக்கு ஒருமாதிரியாக இருக்கிறது. அம்மாவிடம் யாராவது “உங்களுக்குக் கூடப்பிறந்த ஆக்கள் எத்தினை பேர்?” என்று கேட்டால், யோசிக்காமலே சொல்கிறார், “ஒரு அண்ணை.”