அப்டன் பார்க் வீடு வேண்டாம் என்பது பற்றி

கிங்ஸ்பரி, லண்டன்
ஒக்டோபர் 2003

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சுசிலா அக்காவுக்கு,

தம்பி பாலேந்திரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், நீலவேணி, மகள் மங்கை மூவரும் சுகம். உங்கள் சுகத்தையும் அத்தானுடைய முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல். இவ்வளவும் மரியாதைக்கு எழுதியது. ரெலிபோனில் பேசினால் நீலவேணிக்குக் கேட்டுவிடும் என்பதால்தான் கடிதம்.

நீங்கள் ஒல்லாந்தில், டென் ஹாக்கில் அந்தப் பழைய வரிசை வீட்டை வாங்கி, ஏணி போலச் செங்குத்தான அதன் படிகளில் நின்று படம் எடுத்து அனுப்பிய நாளிலிருந்து என் வீட்டில் அமைதி இல்லை. படத்தை நீலவேணி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கும்போதெல்லாம் "அக்கான்ர வீட்டைப் பாருங்கோ" என்கிறாள். இந்த வாடகை பிளாட்டில் மங்கை இஸ்திரிப் பலகையில் வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக நீலவேணி கண்டுபிடித்திருக்கும் வீட்டின் லட்சணத்தை நீங்கள் கேட்க வேண்டும்.

வீடு அப்டன் பார்க்கில். நூறு வருஷப் பழசு. தெருவிலுள்ள வீடுகளெல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. விற்பவர் டொலறஸ் அன்ரி, யாழ்ப்பாணம் குருநகர்க்காரர். அறுபதுகளில் நேர்ஸ் வேலைக்கு வந்தவர், கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். படி ஏறுவது கஷ்டமாகிவிட்டதென்று ஹரோவில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார். முன்னறைச் சுவரில் கை வைத்தேன், ஈரம். வீட்டு ஏஜென்டைப் பார்த்தேன், அவன் ஜன்னலைப் பார்த்தான். குளியலறை சமையலறைக்குப் பின்னால். நீலவேணியும் அன்ரியும் ஏஜென்டும் மேலே படுக்கையறை பார்க்கப் போக, நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பிறகு அது திறக்கவில்லை. மரம் ஊறிப் பருத்திருக்கிறது. நீலவேணி, நீலவேணி என்று கூப்பிட்டேன், மாடியில் அவளுக்குக் கேட்கவில்லை. அப்போது சுவருக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"சார், கத்தாதீங்க. கைப்பிடியை மேல தூக்கிப் பிடிச்சு இழுங்க."

"நீங்கள் ஆர்?"

"பக்கத்து வீடு, சுந்தரராஜன். வீடு பாக்க வந்தீங்களா? இதுக்கு முன்னாடி வந்தவரும் அங்கதான் மாட்டிக்கிட்டாரு."

தூக்கி இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா? அது புதுசா இருக்கே. இருங்க, வர்றேன்."

தன்னிடமிருந்த சாவியால் பின்கதவைத் திறந்து வந்து, தோளால் ஓர் இடி இடித்து என்னை விடுவித்தார். மதுரைக்காரர், எஞ்சினியர், நல்ல மனிதர். கைப்பிடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே தேநீர் குடிக்க உட்கார்ந்தேன்.

விட்டேனா? நேரே கேட்டேன். "அன்ரி, இந்தச் சுவரோட ஒரு கதையும் மறைச்சுக் கதைக்க ஏலாதே?"

"ஓம் தம்பி, ஏலாது," என்றார் அன்ரி. "போன மாரியில நான் படியில விழுந்து கிடந்தனான். கூப்பிடக் குரல் வரேல்லை. காலமை என்ர ரேடியோச் சத்தம் கேக்கேல்லை எண்டுதான் இவர் கதவைத் திறந்துகொண்டு வந்தவர்."

சுந்தரராஜன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "அது கேக்காம எங்க வீட்ல யாருக்கும் பொழுது விடியாதுங்க," என்றார். நீலவேணி மூக்கை உறிஞ்சினாள். நான் அவசரமாகக் கூரை ஒழுகுமா என்று கேட்டேன்.

நான் உறுதியாக இருக்கிறேன் அக்கா. இந்த வீடு வேண்டாம். எனக்கும் நீலவேணிக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் நியாயமென்று சுந்தரராஜன் சுவர் வழியாகத் தீர்ப்புச் சொல்வார். கூரை, ஈரம், கதவு என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். தயவுசெய்து போன் எடுத்து, உங்கள் சோபாவை ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றிய கதையைச் சொல்லி, பழைய வீட்டை எண்ணியும் பார்க்காதே என்று அவளிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அத்தானுக்கும் வலியில்லாத கால்களும், உங்கள் கூரைக்கு ஒழுகாத மாரியும் வாய்க்கும்படி நல்லூரானை வேண்டும்,

அன்புத் தம்பி
பாலேந்திரா

பி.கு: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுமுன் ஏஜென்ட் என் வேலையிடத்துக்குப் போன் பண்ணி, இன்னொருவர் வீட்டைப் பார்க்க வருகிறார், அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப் போகிறாராம் என்றான். எனக்கு என்ன பேய் பிடித்ததென்று தெரியவில்லை. லீவு சொல்லிவிட்டு ஓடிப்போய், நாங்களே வாங்குகிறோம் என்று அன்ரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால் நீலவேணி நெற்றியில் கை வைக்கிறாள். "நீங்கள் கிடந்து புலம்பிறதைக் கேக்க ஏலாமல், வேண்டாமெண்டு இப்பதான் அன்ரிக்குப் போன் பண்ணிச் சொன்னனான். அவ சிரிச்சுப்போட்டு வச்சிட்டா." பிறகு அன்ரியே போன் எடுத்தார். "புருஷன் ஓம் எண்டுறார், பெண்சாதி இல்லை எண்டுறா. மாதக் கடைசி ஞாயிறு ரெண்டு பேரும் ஒண்டாய் வந்து ஒரு பதிலைச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் ஒருத்தரையும் உள்ளுக்க விடமாட்டன்." இப்போது கூரை, ஈரம், கதவு என்று நீலவேணி எனக்குச் சொல்கிறாள், என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். ஆகவே அக்கா, அவசியம் போன் எடுங்கள். எடுத்து, வாங்கச் சொல்லுங்கள்.