அடுத்த வருஷம் கூட்டித் தருவார்கள்

அடுத்த வருஷக்காரர் என்றோர் இனம் உண்டு. அவரைத் தேடி நீங்கள் காடு மலை ஏற வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்து வாசலில், காசு போட்டால் காபி தரும் இயந்திரம் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் பாருங்கள். காலில் ரப்பர் பூட்ஸ். கையில் காகிதக் குவளை. வாயில் அரசாங்கம்.

அவருடைய ஒரு டன் டீசல் லாரி சற்றுத் தள்ளி நின்று இருமிக்கொண்டிருக்கும். அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயத்தில் அவர் அதை அணைப்பதே இல்லை. அது கக்கும் கரும்புகைக்குள் நின்றபடிதான், பழைய டீசல் வண்டிகளை ஒழிக்க அரசாங்கம் தரும் மானியங்களைப் பற்றி அவர் பாடம் நடத்துவார். கேட்பவர்களுக்குக் கண் எரியும். அது பாடத்தினாலா புகையினாலா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

தென்கொரியாவில், எங்கள் சுங்சியோங் மலைப்பக்கத்தில் இந்த இனத்துக்குச் சிறந்த உதாரணம் குவாக் தொக்சு. கோஸ் பயிரிடுபவர்; அறுவடையான கோஸை உப்பில் ஊறவைத்து, கிம்ச்சி என்னும் கார ஊறுகாய் போடுகிறவர்களுக்கு விற்பவர். அவருக்குத் தெரியாத மானியம் கிடையாது. எந்த வருஷத்து வண்டி புகைக் கணக்கில் கடைசியான ஐந்தாம் தரம், எது நான்காம் தரம், புகைக்குழாயில் வடிகட்டி மாட்டினால் எவ்வளவு, வண்டியையே உடைக்கக் கொடுத்தால் எவ்வளவு, உடைத்த கையோடு எரிவாயு லாரி வாங்கினால் மேற்கொண்டு எவ்வளவு, பக்கத்து மாவட்டத்தில் விவசாயிக்கு எவ்வளவு, நம் மாவட்டத்தில் ஏன் அவ்வளவு இல்லை, அதற்கு யார் காரணம் என்பது வரை ஒரு குவளை காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். இவ்வளவு தெரிந்த மனிதர் இதுவரை எத்தனை மானியம் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

ஒன்றுகூட இல்லை.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. இந்த வருஷம் ஒரு தொகை தருகிறார்கள். அப்படியும் ஊரில் பழைய வண்டிகள் மிச்சம் இருக்கின்றன. மிச்சம் இருந்தால் அரசாங்கம் கவலைப்படும். கவலைப்பட்டால் அடுத்த வருஷம் கூட்டித் தரும். ஆகவே இந்த வருஷம் வாங்குபவன் அவசரக்காரன். அடுத்த வருஷம் வந்ததும் அது இந்த வருஷமாகிவிடும் என்பது மட்டும் அந்தச் சித்தாந்தத்தில் எங்கும் வராது.

முதலில் வடிகட்டித் திட்டம் வந்தது. கிட்டத்தட்ட இலவசம். "அதை மாட்டினா இழுவை போயிடும். மேட்டுல கோஸோட நான் இறங்கித் தள்ளணுமா?" என்று தொக்சு சிரித்தார். ஊரில் பாதிப் பேர் மாட்டினார்கள். ஒருவரும் இறங்கித் தள்ளவில்லை. அடுத்து, வண்டியை உடைக்கக் கொடுத்தால் பணம் என்றார்கள். பக்கத்து வயல்காரன் ஹக்பே முதல் வருஷமே கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு தன் பணமும் சேர்த்துப் புது எரிவாயு லாரி வாங்கினான்.

புது வண்டி வந்தால் எங்கள் பக்கத்தில் படையல் போடாமல் யாரும் கிளப்புவதில்லை. வண்டியின் முன்னால் வேகவைத்த பன்றித் தலை, அதன் வாயில் செருகிய வோன் நோட்டுகள், நூல் சுற்றிய காய்ந்த மீன், நாலு சக்கரத்திலும் ஊற்ற அரிசியில் வடித்த கள். தொக்சு தவறாமல் முதல் ஆளாக வருவார். சக்கரத்தில் ஊற்றியது போக மிச்சக் கள்ளை இரண்டு கிண்ணம் குடிப்பார். புது வண்டியைச் சுற்றி வந்து, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டுவார்.

"நல்ல வண்டிதான் ஹக்பே. ஆனா அவசரப்பட்டுட்டே."

"ஏன் அண்ணே?"

"அடுத்த வருஷம் கூட்டித் தருவாங்கடா. நான் சொன்னேன்னு எழுதி வச்சுக்கோ."

"கூட்டித் தந்தா உங்களுக்குத்தானே அண்ணே லாபம்? இன்னொரு கிண்ணம் ஊத்தவா?"

ஹக்பே கிண்ணத்தை நிரப்பினான். எங்கள் பக்கத்து ஆட்களின் குணம் அது. எதையும் நேராகச் சொல்ல மாட்டோம்; யாரையும் அவசரப்படுத்த மாட்டோம். கடன் கொடுத்தவன் கடனைக் கேட்க வந்தால் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். வாங்கியவனுக்குப் புரிந்துவிடும். புரியாத மாதிரி இருக்க வேண்டுமானால் அவனும் மழையைப் பற்றியே பேசுவான். ஊர்த்தலைவர் மா என்பவர் வருஷா வருஷம் அவரை வழியில் பார்த்து, "அண்ணே, வண்டி எப்படி இருக்கு?" என்பார். விண்ணப்பம் போட்டுத் தொலையும் என்று அர்த்தம். "இருக்கு, இருக்கு" என்பார் தொக்சு. போட மாட்டேன் என்று அர்த்தம். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டு பிரிவார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், கிழட்டு லாரி, கிழட்டு மனிதர், இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறீர்களா? தொக்சுவின் மனைவி சூன்நாமைக் கேளுங்கள். கேட்டாலும் நேராகச் சொல்ல மாட்டாள். ஆகவே நானே சொல்கிறேன்.

சூன்நாமுக்கு மியோங்ஜா என்று ஒரே ஒரு அக்கா. சியோலில், பழைய நகரத்தின் நான்கு வாசல்களுக்கு உள்ளே, ஒரு சந்தில் சூப்புக் கடை வைத்திருந்தாள். குளிர்காலம் தொடங்கும்போது தொக்சு லாரி நிறைய உப்புக் கோஸ் ஏற்றிக்கொண்டு மனைவியோடு போவார். கடையின் பின்கட்டில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கை வரை மிளகாய் விழுது பூசிக்கொண்டு, அடுத்த குளிர்காலம் வரைக்குமான கிம்ச்சியைப் போடுவார்கள். வருஷம் முழுவதும் சேர்த்து வைத்த வம்பு அந்த ஒரே நாளில் தீரும். அவர்கள் பார்த்துக்கொள்வது அந்த ஒரு நாள்தான்.

பிறகு அந்தப் பழைய வாசல்களுக்குள் ஐந்தாம் தர டீசல் வண்டி பகலில் நுழையக் கூடாது என்று வந்துவிட்டது. தொக்சு நம்பவில்லை; நுழைந்தார். கேமரா படம் பிடித்தது. அபராதம் அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. இருட்டிய பிறகு நுழையலாம். ஆனால் இருட்டில் எதிர் வண்டி வெளிச்சம் தொக்சுவுக்குக் கண் கூசும்.

"நான் வேணா பஸ்ல போயிட்டு வரட்டுமா? கோஸைப் பார்சல்ல போட்டுடலாம்" என்று சூன்நாம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேராகவே கேட்டாள்.

"பஸ்லயா? புருஷன் பஸ் ஏத்தி அனுப்பினான்னு உங்கக்கா சியோல் பூரா சொல்லவா? கொஞ்சம் பொறு. அடுத்த வருஷம் புது லாரியில ராணி மாதிரி இறக்குறேன்."

அந்த வருஷம் கோஸ் மட்டும் பார்சலில் போனது.

மியோங்ஜா வெகுகாலமாகச் சியோல்காரி. மழையைப் பற்றியெல்லாம் பேச மாட்டாள். தொலைபேசியில் கத்தினாள்: "பெட்டி வந்துச்சு. நீ எங்கேடி? பெட்டியோட உக்காந்து நான் யாரைத் திட்டுறது?"

"அவரு லாரி இன்னும் மாத்தல அக்கா. அஞ்சாம் தரம்னு உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"லாரிக்கு அஞ்சு சரி. உன் புருஷனுக்கு எத்தனையாம் தரம்னு கேட்டுச் சொல்லு. ஒடைக்கக் கொடுத்தா ஏதாவது தருவாங்களா?"

சூன்நாம் சிரித்தாள். சிரித்துவிட்டு வெளியே வந்து, வயலைப் பார்த்துக்கொண்டு கணவனிடம், "இந்த வருஷம் கோஸ் நல்லா உருண்டிருக்கு" என்றாள்.

என்னை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அது புரியாமல் இருக்குமா? புரிந்தது. ஆகவே அவரும் வயலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "அடுத்த வருஷம் இதைவிட நல்லா உருளும்."

அடுத்த வருஷம் வந்தது. தொகை கூடவில்லை. குறைந்தது. வேறு ஆளாயிருந்தால் அரண்டு ஓடியிருப்பான். நம்மவர் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நிதானமாக விளக்கினார்: "கம்மி பண்றாங்கன்னா என்ன அர்த்தம்? யாரும் வாங்க மாட்டாங்க. வாங்கலைன்னா? அடுத்த வருஷம் டபுளாக் கூட்டணும். வேற வழியே இல்லை அவங்களுக்கு." கோஸ் நன்றாக உருண்டது. சூன்நாம் சொன்னாள். அவரும் சொன்னார். பார்சல் போனது.

அதற்கடுத்த வசந்தத்தில் ஒரு காலை, ஊர் ஒலிபெருக்கியில் தலைவர் மாவின் தொண்டைச் செருமல் கேட்டது. "ஆ, ஆ, கேக்குதுங்களா? ஐந்தாம் தர டீசல் வண்டிக்கு மானியம் இந்த வருஷத்தோட முடியுது. மறுபடி சொல்றேன், முடியுது. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. கோஸ் வயல் ஓரமா நிக்கிற நீல லாரிக்காரங்களும் கேட்டுக்கங்க."

எங்கள் ஊர் வரலாற்றில் ஒருவர் இவ்வளவு நேராகப் பேசியது அதுவே முதல் தடவை. ஊரே வெட்கப்பட்டுப்போனது.

தொக்சு விண்ணப்பம் போட்டார். ஆனால் ஒரு சிக்கல். இந்த மானியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. செத்த வண்டிக்குக் காசு கிடையாது. நன்றாக ஓடுகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, பிரேக் பிடிக்கிறது என்று பரிசோதித்துச் சான்று கொடுத்த பிறகுதான் அதைக் கொல்லலாம். அன்றிலிருந்து தொக்சு தன் லாரியைப் பிரசவத்துக்கு வந்த மகள் மாதிரி பார்த்துக்கொண்டார். புது பேட்டரி. புது டயர். துருவுக்கு மேல் நீலப் பூச்சு. மேலே தார்ப்பாய். நாய் அதன் பக்கத்தில் காலைத் தூக்கினால் நாய்க்கு அடி. ஓடித் தேய்ந்துவிடப் போகிறதே என்று வயலுக்குக்கூட எடுக்கவில்லை. உரமூட்டையைச் சூன்நாம் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனாள்.

"நான் வேணா அந்தத் தார்ப்பாய்க்கு அடியில படுத்துக்கறேன். லாரியை வயலுக்கு அனுப்புங்க" என்றாள் சூன்நாம்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் பாரு."

பரிசோதனையில் வண்டி பிரமாதமாகத் தேறியது. அது வாங்கிய நாளில்கூட அவ்வளவு நன்றாக ஓடியதில்லை. உடைக்கும் இடத்தில் இருந்தவன் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே ஐயா ஓடுது, இதை ஏன் கொல்றீங்க?" என்றான். தொக்சுவுக்குப் பெருமை தாங்கவில்லை. பூச்சுக்கும் பேட்டரிக்கும் டயருக்கும் செலவழித்ததைக் கழித்தால் மானியத்தில் என்ன மிஞ்சியது என்று நான் கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினேன்.

புது எரிவாயு லாரி, வாங்கக் காத்திருந்தவர்களின் வரிசையெல்லாம் கடந்து, குளிர்காலம் தொடங்கும்போதுதான் வந்தது. படையல் நடந்தது. பன்றித் தலை சிரித்தது. ஹக்பே கள் ஊற்றினான். தொட்டிகளில் கோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. சூன்நாம் பன்றித் தலைக்கு மண்டியிட்டுக் கும்பிட்டு எழுந்து, புது லாரியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "கோஸ் நல்லா உருண்டிருக்கு" என்றாள்.

"புது வண்டி. கொஞ்சம் ஓடிப் பழகட்டும்" என்றார் தொக்சு. "அடுத்த வாரம் போவோம்."

கவனித்தீர்களா? வருஷம் வாரமாகிவிட்டது. அந்த இனத்தில் இது மாபெரும் முன்னேற்றம்.

வாரம் முடிவதற்குள் மியோங்ஜாவின் மகன் தொலைபேசியில் பேசினான். காலையில் கடை திறந்து சூப்பு அண்டாவுக்கு நெருப்பு மூட்டியவள் அப்படியே பக்கத்தில் சாய்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லையாம்.

தொக்சு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, சூன்நாம் லாரியில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். உப்பு நீர் வடித்து மூட்டை கட்டி, வருஷா வருஷம் ஏற்றும் அதே அளவு.

"இது யாருக்கு?"

"அக்காவுக்கு."

மானியங்களில் கரை கண்டவர் மூட்டைக்கு ஒரு கை கொடுத்தார்.

சியோலை நெருங்கினார்கள். உடல் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கோஸைக் கடையில் இறக்க வேண்டும் என்றாள் சூன்நாம். பழைய வாசல் வந்தது. வாசலுக்கு மேலே கேமரா. தொக்சுவின் கால் பழக்கத்தில் தானாகப் பிரேக்கைத் தொட்டது. பிறகு வண்டி உள்ளே போயிற்று. வழுவழுவென்று, புகையில்லாமல், சத்தமில்லாமல். கேமராவும் பேசாமல் இருந்தது.

"பாத்தியா? ஒண்ணும் பண்ணல" என்றார் தொக்சு. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

சூன்நாம் கண்ணாடி வழியாகப் பின்னாலிருந்த மூட்டைகளைப் பார்த்தாள்.

"கோஸ் நல்லா உருண்டிருக்கு, இல்ல?" என்றாள்.

அதற்கு அவரிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் இருந்தது. வாய் திறந்தது. அடுத்த என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போயிற்று. அவர் வண்டியைச் சந்துக்குள் திருப்பினார். கடை பூட்டியிருந்தது.

இப்போதும் அவரைக் காபி இயந்திரத்தின் பக்கத்தில் பார்க்கலாம். மின்சார உழவு இயந்திரத்துக்கு மானியம் வரப்போகிறதாம். இளைஞர்கள் விவரம் கேட்கிறார்கள். விவரமெல்லாம் சொல்கிறார். எப்போது வாங்கலாம் என்று கேட்டால் மட்டும் காபியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். உங்களிடம் டீசல் லாரி கிடையாது, கோஸ் வயல் கிடையாது, எந்த வாசலிலும் கேமரா உங்களைத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, சம்பந்தமே இல்லாமல், "இந்த வருஷம் மாம்பழம் நல்லா இருக்கு" என்கிற மாதிரி எதையாவது சொன்னார்களா?

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?